பூட்டாத சைக்கிள்: பிளாக் ராக் நகரில் ஒரு நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், வியாழக்கிழமை இரவு கழிந்து வெள்ளி பிறந்துவிட்ட 2:30 மணியளவில், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன் விழாவில் என் சைக்கிள் காணாமற்போனது. இசை முகாம் ஒன்றின் வாசலில் அதைச் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே சென்றேன். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, ஸ்டாண்டு ஊன்றிய இடத்தில் ஒரு சிறு குழி மட்டும் இருந்தது. அது எண்பது டாலருக்கு வாங்கிய பழைய நீல நிறச் சைக்கிள். ஹேண்டில்பாரில் பச்சை விளக்குச் சரம் சுற்றியிருந்தேன். முன்கூடையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. பூட்டு வாங்கியிருந்தேன். அது கூடாரத்துக்குள், அட்டையிலிருந்து பிரிக்கப்படாமலே கிடந்தது. நிகழ்ந்தது இவ்வளவுதான். காவல் துறையின் குறிப்பேட்டில் எழுதினால் மூன்று வரிகளுக்கு மேல் வராது. ஆனாலும் அடுத்த நான்கு நாட்களில் இந்தச் சிறு இழப்பைச் சுற்றி நான் கண்டவை, திருட்டு என்றும் பொறுப்பு என்றும் நாம் எளிதாகச் சொல்லிவிடும் இரண்டு சொற்களையும் மறுபடி எடைபோட்டுப் பார்க்க வைத்தன. அதனால்தான் இதை முழுமையாக எழுதுகிறேன்.

அந்த இடத்தின் அமைப்பை விளக்காமல் இந்த நிகழ்வை விளக்க முடியாது. 1986இல் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்சும் மரத்தால் ஆன மனித உருவம் ஒன்றை எரித்ததிலிருந்து தொடங்கிய இந்த விழா, 1990 முதல் ஜெர்லாக் என்னும் சிற்றூரை அடுத்த பிளாக் ராக் பாலைவனத்தில் நடந்துவருகிறது. லஹொண்டன் என்ற பழம்பெரும் ஏரி வற்றியபின் எஞ்சிய படுகை அது. அங்குள்ளோர் அதைப் பிளாயா என்பார்கள். புல் பூண்டு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான வெளிர் மண்தான். ஆகஸ்ட் கடைசியில் அங்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கூடி, ஒரு வாரத்துக்குப் பிளாக் ராக் நகரம் என்ற ஒரு நகரத்தையே எழுப்பிவிடுகிறார்கள். கடிகார முகத்தைப் போன்ற வரைபடம். நடுவே எரிக்கப்படவிருக்கும் மனித உருவம். 2 மணி முதல் 10 மணி வரை ஆரக்கால்களாகத் தெருக்கள். அவற்றைக் குறுக்கே வெட்டும் வளைவுத் தெருக்களுக்கு ஆங்கில அகரவரிசையில் பெயர்கள். ‘நாலரையும் எஃப்-உம்’ என்று சொன்னால் அதுவே எங்கள் முகாமின் முகவரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். உரிமம் பெற்ற அலங்கார வாகனங்கள் நீங்கலாக வேறு வண்டிகளை உள்ளே ஓட்டித் திரிய அனுமதி இல்லை. பகலில் வெயில் 38 டிகிரியைத் தாண்டிவிடும்; இரவில் குளிர் எலும்பைத் தொடும். புழுதிக்காற்று கிளம்பினால் நீட்டிய கை தெரியாது. அங்கே சைக்கிள்தான் கால்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வெளியில் மரமோ மின்கம்பமோ கிடையாது. நம் ஊரில் சைக்கிளைப் பூட்டுவது என்றால் ஏதோ ஒன்றோடு சேர்த்துப் பூட்டுவது, அல்லது பின்சக்கரத்தில் பொருத்திய பூட்டைச் சாத்திவிடுவது. பிளாயாவில் சேர்த்துப் பூட்டப் பெரும்பாலும் எதுவும் இருக்காது. சைக்கிளை அதன் சக்கரத்தோடோ கூட வந்தவரின் சைக்கிளோடோதான் பிணைக்க முடியும். அதாவது, தூக்கிச் செல்ல நினைப்பவரை அந்தப் பூட்டு தடுக்காது. ஏறி ஓட்டிச் செல்ல நினைப்பவரை மட்டுமே தடுக்கும். ‘அப்படியானால் பூட்டி என்ன பயன்’ என்று முதல் நாள் எண்ணியவன் நான். அங்கு நடக்கும் இழப்புகளில் பெரும்பகுதி எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரியாததால் வந்த எண்ணம் அது.

அன்றிரவு நான் இருந்தது பத்து மணித் தெருவின் ஓரம். முகாம் இருந்தது நாலரையில். இடையே ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் தூரம். நாள் முழுவதும் அலைந்த களைப்பு, தண்ணீர்ப் பாட்டில் சைக்கிளோடு போய்விட்ட கவலை, மெல்லிய சட்டைக்குள் புகுந்த குளிர். என் சைக்கிள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஐந்தாறு சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. அவற்றில் ஒன்று பூட்டப்படவில்லை. அதுவும் ஏறத்தாழ நீலம்தான். எனக்குள் ஓடிய கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன்: என்னுடையதை யாரோ எடுத்தார்கள், இதை நான் எடுத்துப் போனால் இதற்குரியவர் இன்னொன்றைப் பார்த்துக்கொள்வார், காலையில் கொண்டுவந்து விட்டுவிடலாம். அந்தக் கணக்குச் சரியென்றே பட்டது. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்த்தியும் விட்டேன்.

நிமிர்த்தியபோது தலையில் மாட்டியிருந்த விளக்கின் வெளிச்சம் முன்கம்பியில் ஒட்டியிருந்த வெள்ளை நாடாவில் விழுந்தது. கறுப்பு மையில் ஒரு முகாமின் பெயரும், ‘9:00, சி’ என்ற முகவரியும், கீழே ‘என் கால் சரியில்லை, தயவுசெய்து எடுக்காதீர்கள்’ என்ற ஒரு வரியும் இருந்தன. சைக்கிளை இருந்தபடியே சாய்த்து வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆயிற்று.

இந்த ஆய்வில் நான் முதன்மையாகக் கருதும் செய்தி அந்த நாடாதான். அந்தச் சைக்கிளுக்குப் பூட்டு இல்லை, ஆனாலும் அது காப்பாற்றப்பட்டது. கேட்பாரற்றுக் கிடப்பதாகத் தோன்றிய பொருளை இன்னாருடையது என்று ஒரே ஒரு வரி ஆக்கிவிட்டது. என் சைக்கிளில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. அதை எடுத்தவருக்கு அது ஒரு நீலச் சைக்கிள், அவ்வளவே.

முகாமில் எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஏழு முறை அங்கு வந்து பழகிய ஒரு தமிழ்ப் பெண்மணி. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைப்போம். காலையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “பூட்டு வாங்கிட்டு வந்தியே தம்பி, அது எங்கே?” நான் கூடாரத்தைக் காட்டினேன். அவர் திட்டவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் முகாமில் இருந்த பதினோரு சைக்கிள்களிலும் முகவரி நாடா ஒட்டப்பட்டிருந்தது.

அங்கு சைக்கிள்கள் காணாமற்போகும் வழிகளைப் பற்றி அக்காவும் பக்கத்து முகாம்களில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் சொன்னவற்றைத் தொகுத்தால், ‘திருட்டு’ என்ற ஒரே சொல்லுக்குள் வேறுவேறு செயல்கள் அடைந்து கிடப்பது தெரியும். ஒன்று, வெறும் தவறு. பெரிய அங்காடிகளில் விற்கும் மலிவான சைக்கிள்களையே பலரும் வாங்கி வருவதால், ஒரே நிறத்தில் ஒரே வார்ப்பில் ஆயிரக்கணக்கில் அவை நிற்கின்றன. சனிக்கிழமை இரவு மனித உருவம் எரியும்போது பல்லாயிரம் பேர் சைக்கிள்களைக் கிடத்திவிட்டு வட்டமாகச் சூழ்ந்து நின்று, பிறகு இருட்டில் தேடும்போது ஒருவருடையதை மற்றவர் எடுத்துச் செல்வது எளிது. அடுத்தது, அன்றிரவு நான் செய்ய இருந்தது: களைத்தவரோ குடித்தவரோ தம்முடையதை இழந்தவரோ, கையருகே கிடப்பதில் ஏறிப் போய், சேர வேண்டிய இடம் சேர்ந்ததும் போட்டுவிடுவது. உள்ளபடியான திருட்டு என்பது கடைசி வகை. விலை உயர்ந்தவற்றை, குறிப்பாக அண்மை ஆண்டுகளில் பெருகிவிட்ட மின்சைக்கிள்களை, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகவே திட்டமிடுவது. இந்தக் கடைசி வகையினரைக் கம்பிப் பூட்டு நிறுத்தாது. நடு வகையினரை ஐந்து டாலர் பூட்டே நிறுத்திவிடும். பழகியவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலான இழப்புகள் நடு வகையைச் சேர்ந்தவை.

இந்த நடு வகைக்கு அந்த ஊரின் பண்பாடும் அறியாமல் இடம் கொடுக்கிறது என்பது என் கருத்து. ஐஸ் போன்ற மிகச் சிலவற்றைத் தவிர அங்கு எதையும் விற்கக் கூடாது. உணவு, குடிநீர், உடை, உழைப்பு எல்லாம் கொடையாகவே கைமாறுகின்றன. காலையில் முன்பின் தெரியாத ஒருவர் தோசைக்கு ஒப்பான ஒன்றைச் சுட்டுத் தட்டில் வைத்து நீட்டுவார். எதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற உணர்வு மூன்றாம் நாளுக்குள் உடம்பில் ஊறிவிடும். போதாக்குறைக்கு, நகரத்துக்கே பொதுவான சைக்கிள்களும் அங்கு உண்டு. மஞ்சள் சைக்கிள்கள் என்று பெயர், பூசியிருப்பதோ பச்சை வண்ணம். அவற்றை யாரும் எடுக்கலாம், யாரும் பூட்டக் கூடாது, இறங்கிய இடத்தில் அடுத்தவருக்கு விட்டுவிட வேண்டும். பொதுச் சைக்கிள் ஒன்று இருக்கும் ஊரில், அரை மயக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் பூட்டாத எல்லாச் சைக்கிளும் பொதுச் சைக்கிளாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் கொடை என்பது கொடுப்பவரின் கையிலிருந்து தொடங்குவது. பிறருடைய சைக்கிளை எடுத்துப் போய்ப் பொதுவில் விட்டுவிட்டு அதைக் கொடை மரபு என்பது, கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் வேலை.

பொதுச் சைக்கிள் என்ற கனவுக்கும் பூட்டுக்கும் இடையிலான இழுபறி மிகப் பழையது. 1965இல் ஆம்ஸ்டர்டாமில் புரோவோ என்ற இளைஞர் இயக்கத்தினர் சில சைக்கிள்களுக்கு வெள்ளை வண்ணம் பூசி, யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பூட்டாமல் தெருவில் விட்டார்கள். காவல் துறை அவற்றைப் பறிமுதல் செய்தது. சைக்கிளைப் பூட்டாமல் விடுவது அந்த நகரில் அப்போது சட்டத்துக்குப் புறம்பானது என்பது காரணம். புரோவோ இளைஞர்கள் அவற்றில் எண் பூட்டுகளைப் பொருத்தி, திறக்கும் எண்ணையும் சைக்கிளிலேயே எழுதி வைத்தார்கள். 1994இல் போர்ட்லண்டு நகரில் தொடங்கிய மஞ்சள் சைக்கிள் திட்டத்திலும் வண்டிகள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின. பூட்டாமல் விட்டதற்காக உடைமையாளர் மீதே குற்றம் சாட்டும் ஆம்ஸ்டர்டாம் விதியை முதலில் படித்தபோது அது எனக்குக் கொடுமையாகப் பட்டது. பத்து மணித் தெருவிலிருந்து நாலரைக்கு நடந்த பிறகு அப்படிப் படவில்லை. நான் பூட்டாமல் விட்ட சைக்கிள் என்னை மட்டும் பாதிக்கவில்லை. அது இன்னொருவரைச் சோதனைக்கு உட்படுத்தியது. அது போனதும் நானே இன்னொருவரின் சைக்கிளில் கை வைக்கும் நிலைக்கு வந்தேன்.

சனிக்கிழமை நண்பகலில் சைக்கிள் கிடைத்தது. ஒன்பது மணித் தெருவில் ஐஸ் விற்கும் இடத்தின் முன்னே, வரிசையில் நின்ற நூறு சைக்கிள்களுக்கு நடுவே அந்தப் பச்சை விளக்குச் சரத்தைக் கண்டேன். கூடையில் என் பாட்டில் இல்லை. இருக்கை இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டிருந்தது. முன்சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்து, எனக்குச் சொந்தமில்லாத ஒரு சிவப்புக் கம்பிப் பூட்டு போடப்பட்டிருந்தது.

ஆய்வு நோக்கில் அந்த இருக்கை உயரம் பெரிய சான்று. தவறுதலாக எடுத்தவர் ஏறி உட்கார்ந்த உடனே கால் மடங்குவதை உணர்ந்து, இது தம்முடையது அல்ல என்று அறிந்திருப்பார். உயர்த்தி அமைத்துக்கொண்டவர் அறிந்தே வைத்திருக்கிறார். அந்தச் சிவப்புப் பூட்டும் அதையே காட்டியது.

காத்திருந்தேன். அரை மணி கழித்து, இரண்டு ஐஸ் பைகளைத் தோளில் சுமந்தபடி, இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க நெடிய இளைஞர் ஒருவர் வந்தார். சைக்கிளின் அருகே நான் நிற்பதைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது, அவர் மறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தம்முடைய சைக்கிள் போய்விட்டது என்றும், மூன்று நாட்கள் நடந்தே திரிந்ததாகவும், வெள்ளிக்கிழமை காலையில் நகருக்கு வெளியே, திறந்த வெளியில் இது தனியாகக் கிடந்ததாகவும் சொன்னார். “யாரோ விட்டுவிட்டுப் போனது என்று நினைத்தேன். பெயர் ஏதும் இல்லை. திங்கட்கிழமை இங்கேயே வைத்துவிட்டுத்தான் போவதாக இருந்தேன்” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “பூட்டு மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது” என்றார். அவருடைய சைக்கிள் போன இரவு அந்தப் பூட்டு அவருடைய பையில் இருந்திருக்கிறது.

ஆகவே என் வாசலிலிருந்து எடுத்தவர் இவர் அல்லர். முதலில் எடுத்த யாரோ ஒருவர் போகும் வரை போய்விட்டு வெட்டவெளியில் போட்டிருக்கிறார்; அதை இவர் கண்டெடுத்திருக்கிறார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். நம்பினாலும், அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், காணாமற்போன பொருள்களைப் பதியும் இடம் நடு முகாமில் இருக்கிறது, போய்ச் சொல்லியிருக்கலாம்.

‘திருப்பி வைத்துவிடுவதாக இருந்தேன்’ என்ற விளக்கத்தைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். நெவாடாவில் 1,200 டாலருக்குக் குறைந்த பொருளை எடுப்பது சிறு திருட்டு. அதற்கு மேல் போனால் பெருங்குற்றம். நல்ல மின்சைக்கிள் ஒன்று எளிதாக அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், உரியவரை நிரந்தரமாக இழக்கச் செய்யும் நோக்கம் இருந்தால்தான் திருட்டு என்கிறது. அப்படியிருந்தும் அதன் 12ஆம் பிரிவு, மிதிவண்டியை இசைவின்றி எடுத்து ஓட்டுவதைத் தனிக் குற்றமாகவே வகுத்திருக்கிறது. ஏறிப் போய்விட்டுப் போட்டுவிடும் பழக்கம் சைக்கிளைப் பொறுத்தவரை எவ்வளவு இயல்பானது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். இந்தியச் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 1952இல் ஜோத்பூரில் விமானப் படைப் பயிற்சி மாணவர்கள் இருவர் அனுமதியின்றி ஒரு விமானத்தை எடுத்துப் பறந்து பாகிஸ்தானில் போய் இறங்கிய வழக்கில், தற்காலிகமாக எடுப்பதும் திருட்டுக்குள் அடங்கும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அளவுகோலை வைத்தால் ஐஸ் பையோடு வந்த இளைஞரும் திருடரே; ஹேண்டில்பாரை நிமிர்த்திய நானும் அதற்கு ஓரடி தூரத்தில் நின்றவனே.

அந்த விழாவுக்கு லாரி ஹார்வி 2004இல் எழுதிய பத்து நெறிகள் உண்டு. அவற்றில் ஒன்று முழுமையான தற்சார்பு. சைக்கிள் போய்விட்டது என்று யாராவது வருந்தினால், ‘தற்சார்பு என்றால் என்னவென்று தெரியாதா, பூட்டியிருக்க வேண்டியதுதானே’ என்று பதில் சொல்லும் பழக்கம் அங்கு சிலரிடம் இருக்கிறது. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பூட்ட வேண்டியது என் கடமை; நான் அதைச் செய்யவில்லை; அதற்காக ஒரு மணி நேரம் நடந்தேன், அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆனால் என் கவனக்குறைவிலிருந்து எடுத்தவருக்கு உரிமை எதுவும் பிறக்கவில்லை. வாசற்கதவைத் திறந்து வைத்தவன் அசட்டையாக இருந்தான் என்று சொல்லலாம். உள்ளே வந்து எடுத்தவனுக்கு அது பங்கு தராது. தற்சார்பு என்ற நெறியை, சைக்கிளை இழந்தவரிடம் மட்டும் நீட்டுவது நேர்மையும் அன்று. அது எல்லோரையும் விட எடுத்தவரையே முதலில் கட்டுப்படுத்துகிறது: அந்தப் பாலைவனத்தில் தன் பயணத்துக்கான வழியைத் தானே கொண்டுவராதவர், அல்லது கொண்டுவந்ததை இழந்தபின் நடக்க மனமில்லாதவர், தன் குறையைப் பிறர் தலையில் இறக்கிவைக்கிறார். அதே பத்து நெறிகளில் குடிமைப் பொறுப்பு என்ற ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் இந்தப் பேச்சில் எடுப்பதில்லை.

பொறுப்பை எத்தனை விழுக்காடு யாருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் முயற்சியே இங்கு பிழையானது என்று எனக்குத் தோன்றுகிறது. பூட்டாத குற்றம் முழுவதும் என்னுடையது. எடுத்த குற்றம் முழுவதும் எடுத்தவருடையது. இரண்டும் ஒரே பானையிலிருந்து அள்ளப்படுவன அல்ல, ஒன்று கூடினால் மற்றது குறைவதற்கு. அங்கே தகராறுகளைத் தணிக்க பிளாக் ராக் ரேஞ்சர்கள் என்ற தன்னார்வலர்கள் 1992 முதல் இருக்கிறார்கள். மாவட்ட ஷெரீப்பின் ஆட்களும் நில மேலாண்மைத் துறையின் அலுவலர்களும் இருக்கிறார்கள். ஆனால் எழுபதாயிரம் பேர் வாழும் இருட்டில் எண்பது டாலர் சைக்கிளுக்காக எந்தக் காவலும் வந்து நிற்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப இரண்டே பொருள்கள்தான் உள்ளன: ஒரு கம்பிப் பூட்டு, ஒரு முகவரி நாடா. இரண்டையும் சைக்கிளைக் கூடாரத்துக்கு வெளியே எடுக்கும் முன்பே பொருத்த வேண்டும். கூடவே, இருட்டில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி ஏதேனும் ஒன்று; என் சைக்கிளைத் திருப்பித் தந்தது அந்தப் பச்சை விளக்குச் சரம்தானே.

மலிவு விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘போனால் போகட்டும்’ என்ற மனநிலையிலேயே அங்கு பலர் சைக்கிள் வாங்குகிறார்கள். காரம் மிகுந்த அந்தப் புழுதி செயினையும் பேரிங்கையும் ஒரே வாரத்தில் அரித்துவிடுவதால் நல்லதை யாரும் கொண்டுவர விரும்புவதில்லை. போனால் போகட்டும் என்று வாங்கியதைப் பூட்டத் தோன்றாது. பூட்டாததை எடுக்கத் தயக்கம் வராது. விழா முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வராது. தடம் ஏதும் விடாமல் போவது என்ற நெறி எழுதப்பட்டிருக்கும் அதே ஊரில், 2017இல் ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. அவற்றைத் திரட்டி, அவ்வாண்டு வீசிய புயல்களில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு அனுப்பச் சிலர் முன்வந்தார்கள். கைவிடப்பட்டவற்றில் எத்தனை, உரியவர் விட்டுச் சென்றவை அல்ல, கடைசியாக எடுத்தவர் போட்டுச் சென்றவை என்பதை அந்தக் குவியலைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை நண்பகலுக்குத் திரும்புகிறேன். அந்த இளைஞர் பூட்டைத் திறந்து சைக்கிளை என் பக்கம் தள்ளினார். இருக்கையின் திருகைத் தளர்த்தி, பழைய உயரத்துக்கு இறக்கிக் கொடுத்ததும் அவரே. மன்னிப்புக் கேட்டார். அவருடைய முகாம் என் வழியில் இல்லை. ஆனாலும் ஐஸ் பைகளைக் கூடையில் வைத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி இருவரும் ஒன்றாக நடந்தோம். போகும் வழியில் அவருடைய சைக்கிளின் அடையாளங்களைக் கேட்டுக்கொண்டேன்: கறுப்பு, பின்னால் கேரியர், இடது பெடலில் ஒரு மூலை உடைந்திருக்கும், மட்கார்டில் மீன் வடிவ ஸ்டிக்கர்.

திங்கட்கிழமை வெளியேறும் வரிசையில் எங்கள் வண்டி எட்டு மணி நேரம் ஊர்ந்தது. இருபுறமும் காலியாகிவிட்ட முகாம்களில் ஆங்காங்கே சைக்கிள்கள் விழுந்து கிடந்தன. அக்கா வண்டியை நிறுத்தும்போதெல்லாம் நான் இறங்கிப் போய் கறுப்பு நிறத்தில் இருந்தவற்றைப் புரட்டிப் பார்த்தேன். மூன்றில் கேரியர் இருந்தது. ஒன்றில் பெடல் உடைந்திருந்தது, ஆனால் வலது பெடல். மீன் எதிலும் இல்லை. வரிசை நகரத் தொடங்கியதும் அக்கா ஹாரன் அடித்தார். ஓடி வந்து ஏறிக்கொண்டேன்.